ஓரம் வெட்டாத படம்

உழவர்கரை, புதுச்சேரி
18 ஜனவரி 2025

அன்புள்ள சுமா,

பொங்கலுக்குக் கரும்புப் படம் அனுப்பியதோடு நிறுத்திக்கொண்டவள் இப்போது மின்னஞ்சலில் நீட்டி முழக்குகிறாளே என்று நினைக்காதே. காரணம் இருக்கிறது. ஆதாரம் பற்றி யாரிடம் கேட்டாலும் எழுத்தில் கேள், எழுத்திலேயே பதில் வாங்கு என்று என் நெறியாளர் சந்திரகலா மேடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாம் போனில் ஆரம்பித்தால் உன் மாமியார் கதைக்குப் போய்விடுவோம் என்பதும் உனக்கே தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே இத்தனை வருடம் இழுத்தடித்த என் ஆய்வு முடியப்போகிறது. நம் மில்லில் வேலை பார்த்த பெண்களைப் பற்றியது. அதில் மூன்றாவது இயல் முழுக்க, நீ கடல் தாண்டிச் சார்செலில் உட்கார்ந்துகொண்டு நடத்தும் ‘ஆலைச்சங்கு’ இணையதளத்தில் இருக்கும் ஒரே ஒரு படத்தின் மேல் நிற்கிறது. மில் கேட்டுக்கு முன்னால் தரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படம். ‘1972, ரீலிங் பிரிவுப் பெண்கள் வேலைநிறுத்தம்’ என்று கீழே போட்டிருக்கிறீர்கள். நூலைச் சிட்டமாகச் சுற்றும் அந்தப் பிரிவுப் பெண்கள், ஆண்கள் துணையில்லாமல் தாங்களாகவே போராடினார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை சுமா. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் மேடம் அசையவில்லை. “ஒரு வெப்சைட்ட நம்பி ஒரு இயலா? அந்தத் தளம் ஆய்வுக்குத் தேறுமான்னு மொதல்ல மதிப்பிட்டு எழுது. தேறலன்னா இயல எடுத்துடு” என்று சொல்லிவிட்டார். மார்ச்சில் ஆய்வுக் குழுவுக்கு முன்னால் உட்கார வேண்டும். ஆகவே ஒரு வாரமாக உன் தளத்தைச் சல்லடை போட்டுச் சலித்தேன். சிநேகிதியாக இல்லாமல், பேப்பர் திருத்துகிற வாத்தியாராக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

தளத்தை யார் நடத்துகிறார்கள் என்று ஒரு பக்கத்திலும் இல்லை. படங்களை யார் கொடுத்தார்கள் என்று பாதிக்கு இல்லை. வருடம் எப்படித் தெரிந்தது என்று எதற்குமே இல்லை. மில் முதலாளி பக்கத்துச் சங்கதி எதுவும் கிடையாது. எல்லாப் படமும் ஓரம் நறுக்கி, கல்யாண ஆல்பம் மாதிரி பளிச்சென்று இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. ஓரத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்தப் படத்தைக் கொடுத்தது யார், தலைப்பு எழுதியது யார், ஓரம் வெட்டாத ஸ்கேன் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்.

உன்,
பூவிழி

———

சார்செல்
22 ஜனவரி 2025

பூவிழி டீச்சருக்கு,

வணக்கம். உங்கள் மாணவி சுமலதா எழுதிக்கொள்வது.

இப்படித்தானே ஆரம்பிக்க வேண்டும்? ஏழு வருடமாக, வேலை விட்டு வந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, கண் எரிய எரிய நான் சேர்த்த தளம். நீ ஒரு வாரத்தில் சலித்துவிட்டாய். மில்லை மூடினபோது அதன் ஞாபகத்தைக் காப்பாற்ற ஒரு அரசாங்கமும் வரவில்லை, ஒரு பல்கலைக்கழகமும் வரவில்லை. நம் மில் காலனிப் பிள்ளைகள்தான் செய்தோம். முதலாளி பக்கத்துச் சங்கதி வேண்டுமென்றால் முதலாளி தளம் ஆரம்பித்துக்கொள்ளட்டும்.

சரி, கோபத்தைச் சொல்லிவிட்டேன். இனிப் பதில்.

படத்தைக் கொடுத்தவர் பக்கிரி. மில்லில் விசேஷங்களுக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரரின் மகன், இப்போது சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறார். தலைப்பு எழுதியவர் நம் இராமதாஸ் அண்ணன்தான். அவர் அப்பா சங்கத்தில் பெரிய ஆள், அதனால் அவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன். ஓரத்தை வெட்டியது நான். இரண்டு பக்கமும் பூஞ்சை பிடித்துப் பார்க்க அசிங்கமாக இருந்தது. வீடு கூட்டுவது தப்பா?

முழு ஸ்கேன் பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தது. இணைத்திருக்கிறேன். பூஞ்சையை நன்றாக ஆராய்ச்சி செய்.

அம்மா குளிர்காலத்துக்கு என்னோடுதான் இருக்கிறாள். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஜன்னலைத் திறக்காதே என்று நாள் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

சுமலதா

———

உழவர்கரை
29 ஜனவரி 2025

அன்புள்ள சுமா,

நீ திட்டியதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை. அதைவிடப் பெரிய இடி அந்த இணைப்பில் இருந்தது.

படத்தின் இடது ஓரத்தைப் பார். பூஞ்சைக்கு நடுவில் மில் கேட்டுத் தூண் தெரிகிறது. தூணில் என்ன கட்டியிருக்கிறது? வாழைக்கன்று. கீழே தரையில் என்ன கிடக்கிறது? உடைத்த பூசணிக்காய். அடியே, வேலைநிறுத்தம் செய்கிறவர்கள் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்துவிட்டா உட்காருவார்கள்? அது ஆயுத பூஜை. மில்லில் மெஷினுக்குப் பொட்டு வைத்து, எல்லாருக்கும் பொரி கொடுக்கும் நாள். நம் பெண்கள் பொரி வாங்க வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதைத்தான் நான் புரட்சி என்று நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

அழுதேன் சுமா. பொய் சொல்ல மாட்டேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உன் தளத்தில் ‘வேலைநிறுத்தம்’ என்று பெயர் வைத்த எல்லாப் படங்களையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் லாரி நெற்றியில் சந்தனம் பூசியிருக்கிறது. இன்னொன்றில் போராட்டத் தோழர் கையில் மாவிலைத் தோரணம். அழுகை போய் சிரிப்பு வந்துவிட்டது.

இராமதாஸ் அண்ணன் ஜெராக்ஸ் கடைக்கே போய்க் கேட்டேன். அவருக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

“எங்க அப்பா கொடி புடிச்ச கேட்டும்மா அது. அந்த கேட்டுக்கு முன்னால ஜனம் கூடுனா வேற எதுக்குக் கூடும்?”

“பொரி வாங்கக் கூடாதாண்ணே?”

“எங்க ஜனத்தப் பொரிக்குக் கை நீட்டுனதா எழுதப்போறியா நீ? அப்படி ஒரு படிப்பு எதுக்கு?”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மில் பிள்ளைகள் நம் எல்லாருக்குமே இந்த வியாதி உண்டு. கேட்டு என்றால் போராட்டம், கூட்டம் என்றால் போராட்டம். வெளியூர்க்காரன் தலைப்பு எழுதியிருந்தால் ‘கூட்டம்’ என்று மட்டும் போட்டிருப்பான், நானும் தப்பித்திருப்பேன்.

பக்கிரியையும் பிடித்தேன். அசல் படம் மழையில் போய்விட்டதாம். ஆக, உலகத்தில் இருப்பது உன் ஹார்ட் டிஸ்கில் உள்ள அந்த ஒரு ஸ்கேன்தான். அதைப் பத்திரமாக வை.

மதிப்பீட்டில் இப்படி எழுதப்போகிறேன்: ‘இத்தளத்தின் தலைப்புகள் ஆய்வுக்கு நம்பத்தக்கவை அல்ல.’ மூன்றாவது இயலை எடுத்துவிடுகிறேன். மேடத்திடம் திங்கட்கிழமை சொல்ல வேண்டும். என்மேல் வருத்தப்படாதே.

பூவிழி

———

சார்செல்
31 ஜனவரி 2025

பூவிழி,

வருத்தப்படாதே என்று சொல்லிவிட்டால் வருத்தம் வராதா? வந்தது. மெட்ரோவில் நின்றபடி உன் கடிதத்தைப் படித்தேன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆனால் யோசித்தேன். இப்போது நான் உன்னை மதிப்பிடுகிறேன், கேள்.

நீ என் தளத்தில் என்ன பார்த்தாய்? படம், தலைப்பு, சுருக்கம். குரல்களைக் கேட்டாயா? பேட்டிகள் எல்லாம் முழுசாக இருக்கின்றன. நான் ஓரம் வெட்டியது படத்துக்குத்தான், குரலில் ஒரு இருமலைக்கூட எடுக்கவில்லை. நீ சுருக்கத்தைப் படித்துவிட்டு, தேவையில்லை என்று தாண்டிப்போயிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்திலேயே நோட்ஸ் மட்டும் படிக்கிறவள் நீ.

அந்தச் சுருக்கங்களை எழுதியது யார் தெரியுமா? இராமதாஸ் அண்ணனும் அவர் கூட்டாளிகளும். கொடி, சங்கம், போலீஸ் என்று வந்தால் பத்தி பத்தியாக எழுதுவார்கள். ஒரு பெண் உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசினால் ‘பண்டிகை, உணவு, குடும்பம்’ என்று மூன்று வார்த்தையில் மூடிவிடுவார்கள். நானும் கவனிக்கவில்லை. இதையும் குறையாக எழுதிக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் தேறவில்லை என்று எழுதுவதற்கு முன்னால் ஒன்று செய். ‘பண்டிகை’, ‘உணவு’ என்று ஒதுக்கிய பேட்டிகளை எடுத்துக் கேள். படம் ஆயுத பூஜை என்றால் ஆயுத பூஜையைப் பற்றி யாராவது பேசாமலா இருந்திருப்பார்கள்? மேடத்திடம் திங்கட்கிழமை காய்ச்சல் என்று சொல்லிவிடு.

சுமா

———

உழவர்கரை
9 பிப்ரவரி 2025

சுமா, என் தங்கமே,

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவசரமாக அடிக்கிறேன், தப்பு இருந்தால் மன்னித்துவிடு.

கேட்டேன். ‘பண்டிகை, உணவு’ எல்லாவற்றையும் கேட்டேன். காய் நறுக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது, எல்லா நேரமும் காதில் ஒயர். அதிரசம் சுடுவது பற்றியே ஒரு அம்மா அரை மணி நேரம் பேசுகிறார். பொறுமையாகக் கேட்டேன். அதற்கு அடுத்தது செல்வாம்பாள் பேட்டி. நான்கு வருடத்துக்கு முன்னால் தவறிப்போன அதே செல்வாம்பாள் அக்கா, உங்கள் தெருமுனை வீடு. சுருக்கத்தில் ‘குழந்தை வளர்ப்பு, பண்டிகைகள்’ என்றிருக்கிறது. அவர் பேசுவதை அப்படியே எழுதுகிறேன்:

“மத்தியானம் ஒருவாட்டி வூட்டுக்குப் போயி புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வர வுடுவாங்க. அந்த வருசம் புதுசா வந்த மேனேஜரு அத நிறுத்திட்டான். மார்ல பால் கட்டிக்கும், சீலை நனையும், யாருகிட்டப் போயிச் சொல்றது? வேலைய நிறுத்துனா ஆள வெளிய அனுப்பிடுவான். ஆயுத பூசைக்கு மிசினே ஓடாதே. அன்னைக்குப் போயி வரிசையா உக்காந்தோம். பொரி எடுத்துட்டு வந்தான். வாங்கல. முந்தானைய இறுக்கிச் சொருவிக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தோம். பொரி வாங்கலன்னு எந்தச் சட்டத்துல வெளிய அனுப்புவான்?”

எந்தச் சட்டத்தில், சுமா. நான் பஸ்ஸில் நின்றுகொண்டு சத்தமாகச் சிரித்துவிட்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

ஒருவர் சொன்னால் போதாது என்று எனக்குத் தெரியும். அதுவும் நம் பக்கத்து ஆள் சொன்னால் மேடம் ஒத்துக்கொள்ள மாட்டார். தொடர்ந்து கேட்டேன். மில் ஆபீஸ் குமாஸ்தா கிருஷ்ணசாமி பேட்டி வந்தது. அவருக்கும் இந்தப் பெண்களுக்கும் ஆகவே ஆகாது. சுருக்கம் ‘அலுவலகம், உணவு’. அவர் சொல்கிறார்:

“ரீலிங் பொம்பளைங்களுக்கு ஒரு வருஷம் திமிரு ஏறிப்போச்சு. பூஜைப் பொரிய வாங்க மாட்டேனுட்டாங்க. மூட்டையப் பிரிச்சு ஒரு படி அளந்ததோட சரி, மீதி அப்படியே திரும்பிடுச்சு. முதலாளி கண்ணுல பட்டா வம்புன்னு நான்தான் சைக்கிள்ல கட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். தீவாளி வரைக்கும் எங்க வீட்ல பொரி உப்புமாதான்.”

திட்டுவதற்காகச் சொன்ன ஆள் நமக்கு சாட்சி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இரண்டு பேரையும் வேறு வேறு வருடத்தில், வேறு வேறு ஆட்கள் பேட்டி எடுத்திருக்கிறார்கள். இதைவிட என்ன வேண்டும்? வருடமும் சரிதான். செல்வாம்பாள் அக்காவின் இரண்டாவது பெண் அப்போது கைக்குழந்தை என்கிறார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய்க் கேட்டுவிட்டேன், 72 ஏப்ரலில் பிறந்தவள்.

ஆக, இராமதாஸ் அண்ணன் சொன்னதும் பொய்யில்லை, நான் சொன்னதும் பொய்யில்லை. அது ஆயுத பூஜை. அதுவே போராட்டமும். வேலையே இல்லாத நாளில் செய்த போராட்டம். மூன்றாவது இயலைத் திரும்ப உயிர்ப்பித்துவிட்டேன். ‘ரீலிங் பெண்கள் அனைவரும் மறுத்தனர்’ என்று முதல் வரியும் எழுதிவிட்டேன்.

பிறகு படத்தைத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா சொன்னது போலவே எல்லார் முந்தானையும் இடுப்பில் சொருகியிருக்கிறது. யார் கையும் நீளவில்லை. ஆனால் வலது ஓரத்தில், நீ வெட்டி எறிந்த பகுதியில், ஒருத்தி இருக்கிறாள். போனதடவை வாழைக்கன்றைப் பார்த்த அதிர்ச்சியில் நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தில் பாதிக்குமேல் பூஞ்சை. அவள் முந்தானை மட்டும் விரிந்திருக்கிறது. அதில் பொரி குவிந்திருக்கிறது.

ஒருத்தி வாங்கியிருக்கிறாள். கிருஷ்ணசாமி சொன்ன ஒரு படி அதுதான் போலிருக்கிறது. ‘அனைவரும்’ என்ற என் வரி என்னாவது? அவள் யார் என்று உனக்குத் தெரியுமா? ஏன் வாங்கினாள் என்று தெரிய வேண்டும்.

பூவிழி

———

சார்செல்
11 பிப்ரவரி 2025

பூவிழி,

தெரியும்.

வலது கையால் மடியைப் பிடித்துக்கொண்டு, இடது முட்டியை மட்டும் தூக்கி உட்கார்வது யார்? அவள் இப்போதும் என் வீட்டு சோபாவில் அப்படித்தான் உட்கார்ந்து டிவி பார்க்கிறாள். எங்கள் அம்மா. வீராயி.

அன்றைக்கு ஓரத்தை வெட்டும்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பூஞ்சையைத்தான் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை. நீ எழுதின பிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அம்மா கல்யாணமான புதிதில் இரண்டு மூன்று வருடம் ரீலிங்கில் இருந்தாள். மில்லைப் பற்றி என்றைக்கும் அதிகம் பேசினதில்லை. ஏன் பேசவில்லை என்று இப்போது புரிகிறது. அத்தனை பேர் வாங்காமல் உட்கார்ந்திருக்க, இவள் ஒருத்தி மட்டும் மடியை விரித்திருக்கிறாள்.

அந்த வரிசையில் இருந்தவர்களில் சிலர் இன்னும் காலனியில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் தளத்தைத் தினமும் பார்க்கிறார்கள். ‘ஊருக்கெல்லாம் சரித்திரம் எழுதினாளே சுமலதா, அவ அம்மாதான் பொரிக்குக் கை நீட்டினவ’ என்று பேசுவார்கள். எனக்குப் பரவாயில்லை. அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. அடுத்த மாசம் ஊருக்குத் திரும்பிப் போய் அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும்.

வெட்டிய படமே இருக்கட்டும். உனக்கும் அதுதானே நல்லது? ‘அனைவரும்’ என்ற உன் வரிக்கு ஒரு குறையும் வராது. அந்த முழு ஸ்கேன் உன்னிடமும் என்னிடமும் மட்டும்தான் இருக்கிறது. உன்னிடம் இருப்பதை அழித்துவிடு.

நான் இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

சுமா

———

உழவர்கரை
15 பிப்ரவரி 2025

அன்புள்ள சுமா,

உடனே பதில் எழுத முடியவில்லை. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ‘அப்பாடா’ என்று தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன். வெட்டிய படத்தைப் போட்டால் இயல் அழகாக நிற்கும். மேடம் கேட்க மாட்டார், குழு கேட்காது. ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அப்படியே எழுதியும் பார்த்தேன்.

முடியவில்லை. ஓரத்தை மறைக்கிறாய் என்று உன்மேல் குற்றம் சொல்லிவிட்டு, அதே ஓரத்தை நானும் மறைத்தால் உன் தளத்தை மதிப்பிட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனால் உன் அம்மாவை நான் சபையில் நிறுத்தவும் மாட்டேன். வீராயி அம்மா கையால் நான் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் கேட்காமலே எனக்கும் ஒரு தட்டு வைத்தவர்கள்.

ஆகவே இப்படி முடிவு செய்திருக்கிறேன். படத்தையே எடுத்துவிடுகிறேன். இரண்டு குரல்களை மட்டும் வைத்து எழுதுகிறேன். ‘அனைவரும்’ என்பதை ‘பெரும்பாலோர்’ ஆக்கிவிடுகிறேன். இயல் மெலிந்துபோகும், குழு தள்ளினாலும் தள்ளும். போகட்டும். முழு ஸ்கேனை நான் அழிக்கவில்லை, நீயும் அழிக்காதே. நம் இரண்டு பேர் வசதிக்காக அழிக்கக்கூடிய பொருள் இல்லை அது.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதே. மதிப்பீட்டில் ‘யார் விடுபட்டிருக்கிறார்கள்’ என்று ஒரு பகுதி உண்டு. ஊரில் உள்ள எல்லாரையும் பிடித்துப் பிடித்துப் பேட்டி எடுத்தாய். நீ நேரில் வர முடியாதபோது இராமதாஸ் அண்ணனை அனுப்பினாய். உன் வீட்டு சோபாவில் ரீலிங்கில் வேலை பார்த்த ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் குரல் ஏன் தளத்தில் இல்லை? ஏன் வாங்கினார்கள் என்று நீயும் நானும் மனசுக்குள்ளேயே முடிவுகட்டிவிட்டோம். அவர்களைக் கேட்டாயா?

பூவிழி

———

சார்செல்
20 பிப்ரவரி 2025

பூவிழி,

கேட்டேன்.

உன் கடிதம் வந்து மூன்று நாள் அம்மா முகத்தைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் பிள்ளைகள் வெளியே போன பிறகு போனை ரெகார்டில் போட்டு சோபா கையில் வைத்தேன். லேப்டாப்பில் முழுப் படத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், “இதுல பொரி வாங்குறது நீதானம்மா?” என்று மட்டும் கேட்டேன்.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “தோ, நான்தான். பின்ன யாரு?” என்றாள். வெட்கமோ தயக்கமோ ஒன்றும் இல்லை.

“எல்லாரும் வேணாம்னப்ப நீ ஏம்மா வாங்கின?”

“நானா வாங்குனேன்? அவளுங்கதான்டி வாங்கச் சொன்னாளுங்க.”

மீதியை ரெகார்டில் இருப்பதுபோலவே எழுதுகிறேன்:

“மொத நாளே பேசி வச்சிக்கிட்டோம், கொழாயடில. பொரி வாங்கக் கூடாதுன்னு. அப்பதான் செல்வாம்பா சொன்னா, ஏண்டி, அது சாமிக்குப் படைச்சதாச்சே, எல்லாரும் வேணாம்னா சரஸ்வதிய வேணாம்னதாயிடும், அந்த மேனேஜரும் அதத்தான் சொல்லுவான், சாமிய அவமானம் பண்ணிட்டாளுங்கன்னு ஊரக் கூட்டுவான்னா. சரிதானேன்னு எல்லாருக்கும் ரோசனையாப் போச்சு. சாமிக்கு ஒருத்தி வாங்கட்டும், மொதலாளிக்கு யாரும் வாங்க வேணாம்னு முடிவு பண்ணோம். யாரு வாங்குறது? வீராயி மாசமா இருக்கா, அவ மடியில வாங்குனா நல்லதுன்னு என்னிய ஓரத்துல உக்கார வச்சாளுங்க. ஒரு படி போட்டான் குமாஸ்தா. பக்கத்துல இருந்தவகிட்ட போனான், அவ முந்தானைய இறுக்கிக்கிட்டா. அவன் மூஞ்சியப் பாக்கணுமே. அப்பறம் கேட்டுக்கு வெளிய வந்து, ரோட்டுல நின்னு, என் மடியிலேர்ந்து ஆளுக்கு ரெண்டு வெரலால எடுத்து வாயில போட்டுக்கிட்டோம். சாமிப் பொரியாச்சே.”

பூவிழி, உன் ‘அனைவரும்’ என்ற வரியைத் திரும்பப் போட வேண்டாம். ‘பெரும்பாலோர்’ என்பதையும் எடுத்துவிடு. இது கோபத்தில் வாய்க்கு வந்தபடி செய்த காரியம் இல்லை. நிர்வாகம் என்ன சொல்லி மடக்கும் என்று முதல் நாளே யோசித்து, அதற்கும் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்கு அத்தாட்சி நான் வெட்டின அந்த ஓரத்தில்தான் இருந்தது. எனக்கு நேற்றிலிருந்து தரையில் கால் பாவவில்லை.

ஆனால் சும்மா நம்பிவிடாதே. சிநேகிதியின் அம்மா என்று மார்க் போடாதே. கிருஷ்ணசாமியின் ஒரு படியோடு ஒத்துப்போகிறதா, வரிசையில் மிச்சமிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று போய்க் கேள். அவர்களிடம் அம்மா சொன்னதை முதலில் சொல்லிவிடாதே. அவர்களாகவே சொல்லட்டும். எங்கள் அண்ணன் கோபிநாத் 73 ஜனவரியில் பிறந்தான். அவனைத்தான் அன்றைக்கு வயிற்றில் சுமந்திருக்கிறாள். வருடத்துக்கு இன்னொரு சாட்சியாக அதையும் குறித்துக்கொள்.

பால் கொடுக்கப் போகும் நேரம் என்னாயிற்று என்று கேட்டேன். “பொங்கலுக்கு அப்பறம் பழையபடி போவ வுட்டுட்டாங்க. மேனேஜரு என்னா நெனச்சானோ. நான் மாசி மாசத்துலேர்ந்து தெனம் மத்தியானம் ஓடி வந்து கோபிக்குக் குடுத்துட்டுப் போவேன்” என்றாள். யாரோ யாருக்கோ வாங்கிக்கொடுத்த உரிமைகளைப் பற்றித் தளம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் அண்ணன் குடித்த பால் அது.

இராமதாஸ் அண்ணனிடம் பேசிவிட்டேன். முதலில் முறைத்தார். செல்வாம்பாள் அக்கா குரலைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, “எங்க அப்பாவுக்குக்கூட இது தெரியாது போலிருக்கே” என்றார். சுருக்கங்களை எல்லாம் முதலிலிருந்து எழுதலாம், ஆனால் இந்தத் தடவை பெண்கள் எழுதட்டும் என்று அவரே சொன்னார். படங்களுக்கு யார் கொடுத்தது, வருடம் எப்படித் தெரியும் என்று போடுகிறோம். தெரியாததற்குத் தெரியாது என்று போடுகிறோம். ஓரம் வெட்டாத ஸ்கேன்கள் எல்லாம் ஏறிக்கொண்டிருக்கின்றன, இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். நீ போட்ட மார்க்கை மாற்ற வேண்டாம். குறைகளை எழுதியபடியே விடு.

இந்த ஒரு படத்தை மட்டும் நேற்றே மாற்றிவிட்டேன். மாற்றுவதற்கு முன்னால், “தெருவுல ஏதாவது பேசுவாங்களாம்மா, உனக்குச் சங்கடமா இருக்குமா?” என்று கேட்டேன். அம்மா நான் கேட்டதைக் காதில் வாங்கவே இல்லை. படத்தில் தன் முகத்துமேல் இருந்த பூஞ்சையை, ஏதோ தூசி மாதிரி, விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ இந்த வெப்சைட்டு ஆரம்பிச்சதுலேர்ந்து கோபி போன்ல இந்தப் படத்த எடுத்துக் குடுப்பான், பாத்துக்கிட்டேதான் இருந்தேன்” என்றாள். “அத்தன பேரும் இருக்காளுங்க, நான் மட்டும் இல்ல. ஓரத்துல உக்காந்துட்டேன், அதான் படத்துல வுழலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

சுமா